மின்விசிறியை அணைக்கிறவர்

செருப்பை வாசலில் கழற்றிய கையோடு எபநேசர் தேடுவது சுவிட்சைத்தான். வணக்கமெல்லாம் அப்புறம். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற சித்திரை வெயிலில், ஒரு மனிதன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறானே என்ற எண்ணம் துளியும் கிடையாது. டக்கென்று அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, "இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பார்.

"சொல்லுததுக்கு முன்னால வெந்துபோவேன் வேய்."

"ஃபேன் இரைச்சல்ல நீங்க பேசுதது பாதிதான் கேக்குது."

மீதிப் பாதியையும் கேட்டு இவர் என்ன கோட்டை கட்டப் போகிறார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எபநேசருக்குத் தொழில் சத்தம் பிடிப்பது. கதையும் கிடையாது, நடிகனும் கிடையாது, உள்ளதை உள்ளபடி எடுக்கிற படம் என்கிறார்களே டாக்குமெண்டரி, அதற்குச் சத்தம் பிடித்துக் கொடுப்பார். மெட்ராஸில் ஏதோ ஸ்டுடியோவில் பல வருடம் இருந்துவிட்டுக் கோவில்பட்டிக்கே திரும்பி வந்தவர். தோளில் ஒரு டேப் மிஷின், காதில் ஹெட்போன், கையில் நீளமான மைக். மைக்குக்குக் குரங்குக் குல்லா மாட்டியிருப்பார். எங்கள் ஊர் ஆடிக் காற்று மைக்கில் பட்டால் லாரி போகிற மாதிரி கேட்குமாம். தன் தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கொள்ளத் தெரியாத மனிதர், மைக்குக்குக் குல்லா போடுகிறார்.

புதூர்ப் பக்கம் ஆட்டுக் கழுத்து மணியைப் பிடிக்கப் போனார். காதை அடைத்துக்கொண்டு குனிந்திருந்ததால் பின்னால் வந்த கிடா தெரியவில்லை. முட்டிய முட்டில் முள்ளுக்குள் விழுந்தார். எழுந்து முள்ளைக்கூடப் பிடுங்காமல், விழுந்த சத்தம் நன்றாக வந்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தாராம். வீட்டிலும் இதே கூத்துதான். ஒருநாள் கடுகு வெடிக்கிற சத்தம் அருமை என்று மறுபடி மறுபடி தாளிக்கச் சொல்லியிருக்கிறார். "ரசம் வச்சேனா கடுகுக் கஞ்சி வச்சேனான்னு எனக்கே தெரியல" என்று அவர் மனைவி ஜெயகுமாரி என் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். நானாக இருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

இந்த மனிதரிடம் நான் மாட்டிக்கொண்டது என் தீப்பெட்டி ஆபீஸின் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்) வெள்ளிவிழாவுக்குப் படம் எடுத்தபோது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எட்டயபுரம் சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்தவன். இன்று என் பெட்டியில் உரசாமல் எத்தனை ஊரில் அடுப்பு எரியாது தெரியுமா? அதைப் படமாகக் காட்ட வேண்டும். வெளியூர் வியாபாரிகள் வாயைப் பிளக்க வேண்டும் என்று மெட்ராஸிலிருந்து காமிராவோடு ஓர் இளைஞரை வரவழைத்தேன். சத்தத்துக்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கிறாரே என்று எபநேசரைச் சேர்த்தேன். இப்படிக் கையைச் சுட்டுக்கொள்வது எனக்குத் தேவையா?

படம் முழுக்க நாதஸ்வரம், அதற்கு மேல் கம்பீரமான குரலில் என் வரலாறு. இதுதான் நான் கேட்டது. எபநேசர் தலையை ஆட்டவே இல்லை.

"குச்சியை உரசுனா உரசுத சத்தம் கேக்கணும் அண்ணாச்சி. அங்கன நாதஸ்வரம் வாசிச்சா, கல்யாண வீட்ல தீப்பிடிச்ச மாதிரி இருக்கும்."

ஒரு தீக்குச்சி உரசுவதைப் பிடிக்க ஒரு காலைப்பொழுது போயிற்று. ஒரு குச்சி சீறுகிறது என்றார். இன்னொன்று இருமுகிறது என்றார். என் குச்சி இருமுகிறது என்று என் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் இவர்தான். அதுகூடப் போகட்டும். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்ட அன்று வந்து, ஆபீஸ் சும்மா இருக்கிற சத்தம் வேண்டும் என்றார்.

படத்தில் ஒரு துண்டையும் மறு துண்டையும் ஒட்டும்போது நடுவில் சத்தம் செத்துப்போகுமாம். அந்த இடத்தை அடைக்க, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே கட்டடம் சும்மா இருக்கிற சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"சும்மா இருக்கதுக்கு என்ன வேய் சத்தம்?"

"இருக்கு அண்ணாச்சி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒண்ணு இருக்கு."

சம்மதித்தேன். முன்பகல் நேரம். என் ஆபீஸில் பெண்கள் மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைக் கட்டைச் சட்டத்தில் அடுக்கி, கட்டையைத் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அந்தத் தட்டுச் சத்தம் காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை நிற்காது. சாப்பாட்டு நேரத்தில்கூட ஒரு பகுதி தட்டிக்கொண்டேயிருக்கும். அதை நிறுத்தச் சொன்னேன். ரேடியோவை அணைத்தார்கள். வாய் ஓயாத ஸ்டெல்லாமேரிகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எபநேசர் நடுக்கூடத்தில் மைக்கைத் தூக்கிப் பிடித்துக் கண்ணை மூடி நின்றார். கூரைத் தகரம் வெயிலில் முறுகுவது எனக்கே கேட்டது.

நானும் அவரும் மறந்துபோன ஒன்று இருந்தது. முன்னொரு காலம் பக்கத்துத் தெருவில் ஓர் ஆபீஸில் தீக்குச்சி மருந்து பற்றிக்கொண்டபோது வெடிச்சத்தம் எதுவும் வரவில்லை. தட்டுச் சத்தம் நின்றது, அவ்வளவுதான். அதிலிருந்து எங்கள் தெருவில், வேலைநாளில் சத்தம் நின்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான்.

வெளிக்கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. மண் வாளியோடு ஆண்கள், நனைந்த சாக்கோடு டீக்கடைக்காரர், எல்லாருக்கும் முன்னால் வாசலில் பணியாரம் விற்கிற மீனாட்சியம்மாள். கையில் மாவு, காலில் ஒற்றைச் செருப்பு.

"ஏட்டி ராமலட்சுமி! எங்கட்டி இருக்க?"

மகள் எழுந்து நின்று, "இங்கனதான் இருக்கேன், என்னம்மா?" என்றாள். அந்த அம்மாள் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "சத்தத்தை நிறுத்துததுக்கு முன்னால எங்கட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணாச்சி?" என்று கேட்டார். இத்தனை நடந்தும் எபநேசர் மிஷினை நிறுத்தவில்லை.

என் ஆபீஸ் எரிந்துவிட்டது என்ற செய்தி பஸ் ஏறிப் போய்விட்டது. சாயங்காலம் கயத்தாற்றிலிருந்து என் சம்பந்தி லாரி பிடித்து அழுதுகொண்டு வந்தார். நான் காபி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துபோனார் என்றே நினைக்கிறேன்.

மெட்ராஸ் இளைஞருக்குக் கொண்டாட்டம். அந்த ஓட்டத்தையும் கூப்பாட்டையும் படத்தில் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் ஒரே சொல்லில் முடித்தேன். தீப்பெட்டி விற்கிறவன் மேடையில் தீ என்ற நினைப்பே எவனுக்கும் வரக்கூடாது. வந்தால் சரக்கு எடுக்கிறவன் யோசிப்பான், என் இத்தனை வருடப் பெயர் போகும். எபநேசர் கத்தரியை எடுத்தார். கதவு திறந்த இடத்திலிருந்து நாடாவைக் கத்தரித்து என் கையில் கொடுத்தார். நானே அடுப்பில் போட்டேன். அதற்கு முந்தின துண்டு, ஆபீஸ் சும்மா இருந்த துண்டு, அவரிடம் இருந்தது. இது எதற்கு என்றேன்.

"உங்க பேரு வார இடத்துல வைக்கேன் அண்ணாச்சி. பேரு வரும்போது மேளம் வேண்டாம். சும்மா இருந்தாத்தான் மரியாதை."

மரியாதை என்றாரே! சத்தமில்லாத ஒன்றால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று தலையாட்டிவிட்டேன்.

விழா அன்று ஆபீஸ் முற்றத்தில், கட்டடத்துக்கு எதிரே திரை கட்டினோம். மதுரை, திருச்சி வியாபாரிகளெல்லாம் முன்வரிசை. அவர்களுக்கென்று வாடகைக்கு எடுத்த பெரிய விசிறிகளைப் படம் தொடங்குகிற நேரம் பார்த்து எபநேசர் அணைத்துவிட்டார். அவர்கள் துண்டால் விசிறிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் எபநேசரைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை.

படம் நன்றாகத்தான் இருந்தது. குச்சி சீறியது, பெண்கள் பேசினார்கள், தட்டுச் சத்தம் ஒலிபெருக்கியில் முற்றம் முழுக்க நிறைந்தது. கடைசியில் ஆபீஸ் வாசலில் நான் கைகட்டி நிற்கிறேன். என் தலைக்கு மேலே 'செல்லத்துரை' என்று எழுத்து எழுத்தாக வருகிறது. தட்டுச் சத்தம் நின்றது.

மீனாட்சியம்மாள்தான் முதலில் எழுந்தார். பிறகு டீக்கடைக்காரர். பிறகு வரிசை வரிசையாக எங்கள் தெரு முழுவதும் எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி, இருட்டில் பூட்டிக் கிடந்த ஆபீஸைப் பார்த்து நின்றது. என் மனைவியும் நின்றாள். என் பெயரைப் படிக்க வெளியூர் வியாபாரிகளைத் தவிர ஒரு ஆள் இல்லை. அவர்களும் என்ன ஏது என்று திரும்பிக்கொண்டார்கள். இந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்று ஆத்திரத்தோடு தேடியபோதுதான், நானும் ஆபீஸைப் பார்த்தபடி எழுந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எபநேசர் விசிறிப் பக்கம் போனார். அதை என் பக்கம் திருப்பி வைத்து, சுவிட்சைப் போட்டார்.