சேகரன் சொல்லி முடிக்கும்வரை

மைசூர் ரயில்வே பார்சல் ஆபீஸில் சேகரனுக்கு இருபது வருஷ சர்வீஸ். கவுன்டர் பக்கம் மட்டும் தலைகாட்ட மாட்டார். மனுஷனுக்குப் பேச்சு திக்கும். அதிலும் ‘ச’ வந்துவிட்டால் போச்சு, சொந்தப் பெயரே வாயில் வராது.

அவர் மகள் சுசித்ரா, பேச்சுச் சிகிச்சைப் படிப்புக்கு 1996இல் மனுப் போட்டாள். நுழைவுத் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று. அந்த மார்க்குக்கு எவன் சீட் கொடுப்பான்? சேகரனுக்குச் சோறு இறங்கவில்லை.

“பாட்டு சர்டிஃபிகேட், இந்தி சர்டிஃபிகேட், எல்லாத்தையும் சேத்து வெச்சு அனுப்புடி,” என்றாள் மனைவி அன்னபூர்ணி.

சுசித்ரா கேட்டால்தானே! ‘இந்தப் படிப்பு ஏன்?’ என்ற கேள்விக்கு அப்பாவைப் பற்றியே ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டாள். எந்த எழுத்தில் நிற்பார், அதைத் தாண்ட என்ன வார்த்தை போடுவார், ஒன்று விடவில்லை. நகலைப் படித்த சேகரனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“எ... என் மானத்தை வித்துத்தான் இடம் வாங்கணுமா?”

“பேஜார் பண்ணிக்காதீங்கப்பா. எனக்கு நல்லாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

அந்த மார்க்குக்கும் கல்லூரியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அன்று சேகரன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பியூன் கதவைத் திறந்து, அப்பாவையும் கூப்பிடுகிறார்கள் என்றான். தொலைந்தோம்! என் வாயாலேயே இவள் படிப்பு கெடப்போகிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவிலிருந்த அம்மையார் கன்னடத்தில் அவர் பெயரைக் கேட்டார்.

“ச்... ச்...”

கழுத்து நரம்பு புடைத்தது. ஒருவர் பேனாவை உருட்டினார். இன்னொருவர் ஃபைலைப் புரட்டினார். வீடாக இருந்தால் அன்னபூர்ணி இதற்குள் சொல்லி முடித்திருப்பாள். ஆபீஸிலும் அப்படித்தான், அவர் ஆரம்பித்ததை எவராவது முடித்துவைப்பார்கள். அவர் பரிதாபமாக மகளைப் பார்த்தார். சொல்லித் தொலையேண்டி!

சுசித்ரா வாயே திறக்கவில்லை. எந்த அவசரமும் இல்லாத முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேகரன் ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

“ச்... ச்... சேகரன்.”

“அப்பா இவ்வளவு தவித்தாரே, நீ சொல்லியிருக்கலாமே?” என்று அம்மையார் சுசித்ராவைக் கேட்டார்.

“அவர் பெயர், மேடம். அவரே சொல்லிவிடுவார்,” என்றாள் சுசித்ரா கன்னடத்தில்.

அம்மையார் மார்க் பட்டியலை மூடி வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார்.

“முதல் வருஷம் பூரா நாம் இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறோம், இப்படிக் காத்திருக்க?”