கடைசியாக என்ன கேட்டது

இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட அகலத் தாள் அது. கம்ப்யூட்டர் செத்து நின்றால், உள்ளே இருந்ததையெல்லாம் பக்கத்திலிருந்த அச்சு இயந்திரம் அந்தத் தாளில் எண்களாகக் கக்கும். பாதியிலேயே யாராவது அதை நிறுத்திவிட்டு, அவசர அவசரமாகக் கம்ப்யூட்டரை மறுபடி ஓடவிடுவார்கள். அறையைக் கூட்டித் துடைப்பது என் வேலை. தரையில் குவிந்த தாளைக் கட்டி வைப்பேன். மல்லி, மிளகாய் மடிக்கச் சாலை பஜார்க் கடைக்காரர் வந்து எடுத்துப்போவார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அந்த எண்களை உட்கார்ந்து படித்தவர் மேடம் ஒருவர்தான். கிழக்கேகோட்டை அக்ரகாரத்துப் பெண். படுக்கையில் கிடந்த அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, சோறு ஊட்டிவிட்டு ஆபீசுக்கு வருவார். கம்ப்யூட்டரோ மதியமானால் நின்றது. கரண்டு என்றார்கள், சூடு என்றார்கள், தூசி என்றார்கள். தூசி என்றபோது என்னைப் பார்த்தார்கள். கடைசியில் பெரிய அதிகாரி, யாருடைய புரோகிராமால் நிற்கிறதோ அவரைப் பம்பாய்க்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் தங்கள் மேல் தப்பில்லை என்று காட்டப் பாடுபட்டார்கள். மேடம் மட்டும், கம்ப்யூட்டரை நடத்தும் மூலப் புரோகிராமிலேயே கை வைத்தார்.

"செத்தவனோட எலும்பை எண்ணிக் குடுத்தா என்ன பிரயோஜனம்? கடைசியா யாரண்டை என்ன கேட்டான்னு அதுவே சொல்லட்டும்" என்றார்.

"செத்தவனுக்கு ஜாதகம் எழுதறதோ மேடம்?" என்று ஆபரேட்டர் கேலி செய்தார்.

"ஆமாம், உமக்கும் சேர்த்து எழுதிண்டிருக்கேன்."

ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது கம்ப்யூட்டர் நின்றது. எண்களுக்கு முன்னால் புதிதாக ஒரே ஒரு பக்கம் வந்தது. எந்தப் புரோகிராம் ஓடியது, அதை எது கூப்பிட்டது, கடைசியாக அது என்ன கேட்டது என்று அதில் இருந்ததாம். மேடம் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னோடதுதான்" என்றார். சாப்பிடப் போகுமுன் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுப் போவார்கள்; அப்படி இரண்டு பேர் வேலை ஒரே நேரத்தில் வந்தால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அவர் புரோகிராம் வைத்துவிடுகிறதாம்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று வாய்விட்டுக் கேட்டேன்: "மேடம், இதையும் மத்ததோட கெட்டி சாலைக் கடைக்கு அனுப்பிரட்டா?"

தாளை நாலாக மடித்தார். அப்பாவை நினைத்திருப்பார்.

"அதுக்கு இதை எழுதாமலே இருந்திருக்கலாமே" என்று எழுந்து, தாளோடு அதிகாரி அறைக்குப் போனார்.

சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டார். அதன்பின் மதியங்களில் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. மாற்றல் மட்டும் நிற்கவில்லையே. அப்பாவை ரயிலில் படுக்கவைத்துக்கொண்டு பம்பாய் போனார். அன்று என் உடம்பில் ஏறிய சோர்வு முழுதாக இறங்கவே இல்லை. இப்போது மகள் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றால், ஏதோ தவறு என்று ஒரு வரி காட்டிவிட்டு அணைந்துபோகிறது. அதைப் பார்க்கும்போதும் அந்தச் சோர்வுதான் வருகிறது.

மேடம் போய்ச் சில வருஷம் கழித்து, வேறு ஏதோ கோளாறில் கம்ப்யூட்டர் நின்றது. புதிதாக வந்திருந்த ஆபீசர் அந்த முதல் பக்கத்தை எடுத்தார். கையில் வைத்திருந்த சாயா ஆறுவதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இது எழுதினவன் பெரிய கெட்டிக்காரன்" என்றார்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். "எழுதினது மேடமாக்கும் ஸாரே."

"எந்த மேடம்? இப்ப எங்கே?"

"பம்பாய்க்கு மாத்திட்டாங்க."

"எதுக்கு மாத்தினாங்க?"

நான் அவர் கையிலிருந்த தாளைக் காட்டினேன்.