டப்பாப் பால் பாயசம்

பிள்ளைகளே, அப்பா பொய் சொல்லமாட்டார் என்று நம்புகிறீர்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று, பால்காரி அஞ்சலையின் மாடு அரைப் படிதான் கறந்தது. பாயசத்துக்குப் போதவில்லை. புதுச்சேரிக் கடையில் வாங்கிய, இனிப்பும் கெட்டியுமான டப்பாப் பாலை உங்கள் அம்மாவுக்கும் தெரியாமல் அதில் ஊற்றிக் கிளறிவிட்டேன்.

“இன்னா ருசி! யார் வூட்டுப் பாலு?” என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

தகர டப்பா என்றால் முகம் சுளிப்பார்களே என்று பயந்து, “எல்லாம் எங்க அஞ்சலை மாட்டுப் பாலுங்க” என்றேன்.

சம்பந்தம் முடிவானது. தங்கள் வீட்டு விருந்துக்கு அவர்களும் அஞ்சலையிடமே பால் வாங்கினார்கள். பாயசம் அந்த ருசிக்கு வரவில்லை.

“அவங்களுக்குக் கெட்டிப் பாலு, எங்களுக்குத் தண்ணியாடி?” என்று அந்த அம்மாள் பாகூர்க் கடைத்தெருவில், என் கண்ணெதிரே, அஞ்சலையை நிறுத்திக் கேட்டார்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். “நீயே சொல்லுண்ணே, நான் தண்ணி ஊத்தறவளா?”

உண்மையைச் சொன்னால் தங்கையின் கல்யாணம் நின்றுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு ஊரில் யாரும் அவளிடம் பால் வாங்கவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள், அவள் இல்லாத நேரம் பார்த்து அவள் கொட்டகைக்குத் தனியே போனேன். கொண்டுபோன ஒரு கட்டுப் புல்லை அவிழ்த்து மாட்டின் முன்னால் போட்டுவிட்டு, யாரும் பார்க்குமுன் திரும்பிவிட்டேன்.