டாங்கிக் கணக்கும் ஒரு முகூர்த்தமும்

மயிலாப்பூரில் நாங்கள் நடைபயிற்சி செய்யும் பூங்காவில், காலைக் காபிக்கு முன்பே எல்லாப் போர்களும் முடிந்துவிடும். முடித்துவைப்பவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். உலக ராணுவங்களுக்கு ரேங்க் போடும் இணையப் பக்கம் அவர் கைபேசியில் எப்போதும் திறந்தே இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ரேங்க் போடுவது கொடுமை என்று பேசுகிறவரும் அவரேதான்.

எல்லையில் பதற்றம் மூண்ட வாரம், எங்கள் அடுக்ககத்தின் கீழ்வீட்டு அம்மா பெஞ்சருகே வந்து நின்றார். இரண்டு மாதத்தில் தி. நகர் மண்டபத்தில் மகளுக்குக் கல்யாணம். மணமேடையில் தங்கை கையில் பொரியிட வேண்டிய அண்ணன் எல்லையில் டாங்கி ஓட்டுகிறான். அவன் விடுப்பை ரத்து செய்துவிட்டார்கள்.

"சண்டை வருமா சார்? முகூர்த்தத்தத் தள்ளி வெச்சுடலாமா?"

"எதுக்கும்மா? பக்கத்து நாட்டுக்காரன் டாங்கி நம்மளோடதுல பாதிகூட இல்ல. எந்த தைரியத்துல வருவான்? நீங்க பத்திரிகை அடிங்க" என்றார் மேலாளர், வட்டி விகிதம் சொல்லும் குரலில்.

எனக்குப் பொறுக்கவில்லை. ராணுவக் கிடங்குகளைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். ஆய்வு நாளில் நல்ல பேட்டரி ஒன்றுதான் இருக்கும். முதல் வண்டி உறுமிக் காட்டியதும் அதைக் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டுவார்கள். அதுவரை அதிகாரிக்குத் தேநீரும் முந்திரியும் கொடுப்பது எழுதப்படாத நடைமுறை. வரிசை முழுவதும் 'ஓடும் நிலை' என்று மேலிடத்துக்குப் போகும். அண்டை நாட்டிலும் தேநீர் உண்டு. இந்த லட்சணத்தில் வந்த எண்களைக் கூட்டித்தான் ரேங்க்.

நான் விளக்கி முடிப்பதற்குள் அந்த அம்மா குறுக்கிட்டார்.

"நான் டாங்கியக் கேக்கல சார். பையன் வருவானா?"

அது என் தணிக்கைக்குள் வராத கேள்வி. மேலாளரிடம் அதற்கும் விடை இருந்தது.

"சண்டையே இல்லன்னா லீவு குடுக்காம என்ன பண்ணுவாங்க? பையன் கண்டிப்பா வருவான்."

பத்திரிகை அச்சானது.

போர் வரவில்லை. அண்ணனும் வரவில்லை. சுடாமல் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்பதற்கும் டாங்கிக்குள் ஆள் வேண்டும். அதற்கு எந்த ரேங்க் பட்டியலிலும் இடமில்லை.

மண்டபத்தில் பெரியப்பா மகன் பொரியிட்டான். யாரோ அதைக் கைபேசியில் அண்ணனுக்குக் காட்ட முயன்றார்கள். அவன் இருந்த இடத்தில் சிக்னல் இல்லை.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை மேலாளருடையது.

"சண்டை வராதுன்னேனே, பாத்தீரா ஓய்?"

பந்தி விசாரித்துக்கொண்டு வந்த அம்மா காதில் அது விழுந்தது.

"சாருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தார்.