தக்சாயினி தேடிய சத்தமில்லாத மேசை

யாழ்ப்பாணத்தில் சத்தம் என்று சொன்னால் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். "இஞ்சை என்ன பிள்ளை சத்தம், குயில் கூவுற சத்தமோ?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அவரைக் கொண்டுபோய் ஆவணி மாதம் கோப்பாயில் தக்சாயினி வீட்டில் இரண்டு நாள் இருத்தியிருக்க வேண்டும். குயிலைப் பற்றிப் பிறகு பேசியிருக்கமாட்டார்.

தக்சாயினி என் சிநேகிதி. அவள் செய்த வேலை தொலைபேசியில் மொழிபெயர்ப்பது. இங்கிலாந்தில் ஒரு தமிழ்க் கிழவிக்குச் சுகமில்லை, ஆங்கிலம் தெரியாது என்று வையுங்கள். அவர் வைத்தியசாலை இலக்கத்துக்கு அழைத்தால், அங்கிருக்கும் தாதி ஒரு கொம்பனி ஊடாக இவளையும் இணைப்பில் எடுப்பார். தாதி கேட்பதை இவள் தமிழில் சொல்லுவாள், கிழவி சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லுவாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் கொம்பனிக்கு ஒரு சட்டம் இருந்தது. கதவு பூட்டிய தனி அறையில் இருந்துதான் பேச வேண்டும், பின்னால் ஒரு சத்தமும் கேட்கக்கூடாது.

தனி அறை இருக்கிறது என்று அவள் எழுதிக்கொடுத்தாள். பொய்தான். அந்தப் பொய்யை எழுதாவிட்டால் அவளுக்கு வேலை கிடைத்திருக்காது, அதற்கு நான் சத்தியம் பண்ணுவேன். வீட்டில் இருப்பது ஓர் அறையும் ஒரு விறாந்தையும். அறையில் அவளுடைய அப்பா கனகலிங்கம் பாரிசவாதத்தில் படுத்திருந்தார். கை கால் ஒரு பக்கம் வராது, காதும் மந்தம். தொலைக்காட்சிதான் அவருக்கு இருந்த ஒரே துணை, அதை ஒழுங்கை முடக்குவரை கேட்கிற மாதிரி வைத்தால்தான் அவருக்குக் கேட்கும். அதைக் குறைக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவருடைய மருந்தும் சாப்பாடும் அவளுடைய உழைப்பில்தான் நடந்தன. வெளியில் போனால், கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கரை இவர்கள் வேலியோடு நின்ற பனையில்தான் கட்டியிருந்தார்கள். யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

அதனால் இரண்டு பேரும் பின்னேரங்களில் பட்டணத்துக்கு பஸ் ஏறினோம். நான் கல்யாண அல்பம் வடிவமைக்கிறவள். எனக்கு ஒரு மேசையும் மின்சாரமும் போதும், சத்தத்துக்குள் இருந்தே படத்தில் மாப்பிள்ளையின் முகத்தை வெள்ளையாக்கிவிடுவேன். அவளுக்குத்தான் அமைதி வேண்டும். எத்தனை கபே ஏறி இறங்கியிருப்போம்! ஒன்றில் ஜூஸ் அடிக்கிற மெசின் ஓயாது. ஒன்றில் முதலாளி கிரிக்கெட் போட்டுவிட்டு, விக்கெட் விழும்போதெல்லாம் மேசையில் குத்துவார். மானிப்பாய்ப் பக்கம் ஒரு கடை கிடைத்தது, இலை விழுந்தாலும் கேட்கும் அமைதி. ஆனால் கடைக்கார அம்மா தேத்தண்ணியோடு வந்து முன்னால் குந்திவிடுவா. "நீர் ஆருடை பிள்ளை? எவடம்? கொப்பா என்ன செய்யிறார்?" காதில் இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த விசாரணை! தக்சாயினி ஒலியை நிறுத்துவதும் கும்பிடுவதுமாய் அங்கேயும் சரிவரவில்லை.

கடைசியில் கிடைத்தது றோயின் கபே. பட்டணத்துக்குள் ஒரு குச்சொழுங்கையில், படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசை. தலைக்கு மேல் சுற்றும் காத்தாடிகூடக் கிறீச்சிடாது. றோய் நல்ல பெடியன். "அக்கா, நீங்கள் கதையுங்கோ, நான் பாட்டைப் போடேல்லை" என்று சொல்லித் தன் தொலைபேசியையும் மௌனமாக்கி வைப்பான். அங்கே இருந்தபோதுதான் அவள் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்தேன். "வினோஜா, இண்டைக்கு ஒரு குழந்தைப்பிள்ளைக்குக் காய்ச்சல். தாய்க்காரி பயந்துபோனா. நான் சொன்னாப்பிறகுதான் ஆறினவ" என்பாள். யாரென்று சொல்லமாட்டாள். சொல்லக்கூடாது, அதுவும் சட்டம்.

ஆவணி வந்தது. நல்லூர்க் கொடியேற்றத்தோடு கனடா, லண்டன், பாரிஸ் எல்லாம் வந்து இறங்கியது. றோயின் கபே நிரம்பியது. அவனை என்ன குறை சொல்வது? வருசம் முழுக்க ஈ ஓட்டியவன், இந்த ஒரு மாதத்தில்தான் சம்பாதிக்க வேண்டும். பின்னால் சத்தம் கேட்கிறது என்று கொம்பனி தக்சாயினிக்கு இரண்டு முறை எச்சரிக்கை அனுப்பிவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

அன்று பொழுதுபட்ட நேரம். இங்கிலாந்தில் மத்தியானம். அவளுக்கு அழைப்பு வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஒரு கிழவி. மகன் வேலைக்குப் போய்விட்டான், வீட்டில் தனியே. களைப்பாய்க் கிடக்கிறது, சாப்பாடு செமிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். தாதி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கிழவி இடையிடையே தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லையும் எடுத்துவிட்டார். "சன் வேர்க்", "யெஸ் யெஸ்", "தேங்க்யூ மிஸ்."

தக்சாயினி குனிந்து, கையால் வாயை மூடிக்கொண்டு, "அம்மா, நெஞ்சுக்கை நோ இருக்கோ?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து முன் மேசையில் கேக் வந்தது. பூவாணம் மாதிரிச் சீறுகிற மெழுகுதிரி, ஒலிபெருக்கிப் பெட்டி, பத்துப் பதினைந்து பேர் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டு. கோதாரி விழுவாரே, கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடாதா! தக்சாயினி பாய்ந்து தன் பக்க ஒலியை நிறுத்தினாள். இயர்போனைக் காதுக்குள் அழுத்தினாள். கிழவி சொன்ன பதிலில் அவளுக்குக் கேட்டது ஒரே ஒரு சொல். "நோ."

எங்கள் ஊரில் வலியை நோ என்போம். கால் நோ, தலை நோ, நெஞ்சு நோ. வெள்ளைக்காரத் தாதிக்கும் அந்தச் சொல் நேரே கேட்டது, இல்லை என்று. அதுதான் கடைசிக் கேள்வி, "நல்லது" என்று சொல்லி அவர் குறித்துக்கொண்டார். தக்சாயினிக்கு ஒரு கணம் சந்தேகம் தட்டியது. இது எந்த நோ? திருப்பிக் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒலியைத் திறக்க வேண்டும். திறந்தால் முழுப் பிறந்தநாளும் உள்ளே போகும், மூன்றாவது எச்சரிக்கை வரும். அதற்கு முன்னர்தான் யெஸ், தேங்க்யூ என்ற மனுசி, இதுவும் ஆங்கிலமாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாட்டு ஓய்ந்து அவள் ஒலியைத் திறந்தபோது தாதி முடிவு சொல்லிக்கொண்டிருந்தார். குளிசை போட்டுவிட்டு ஆறுதலாய்ப் படுக்கட்டும், நாளைக்கு வைத்தியரைப் பார்க்கட்டும்.

அதைத் தமிழில் சொன்னாள். கிழவி, "சரி பிள்ளை. நான் கொடிகாமம். உம்மடை கதையைக் கேக்க எங்கடை பக்கத்துப் பிள்ளை போலை கிடக்கு" என்றாராம். சொந்தக் கதை பேசக்கூடாது என்பதும் சட்டம். இணைப்பு அறுந்தது.

அன்று பஸ்ஸில் அவள் இயர்போன் வயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக வந்தாள். நான் களைப்பென்று நினைத்தேன்.

திருவிழா முடிந்தபிறகு கொம்பனியிலிருந்து விசாரணைக்கு அழைத்தார்கள். அந்தக் கிழவி அன்றே செத்துப்போனார். மாரடைப்பு. மகன் வந்து பார்த்தபோது கட்டிலில் கிடந்திருக்கிறார். மகன் முறைப்பாடு செய்திருக்கிறான். அவன் நட்டஈடு கேட்கவில்லை, யாரையும் தண்டிக்கச் சொல்லவும் இல்லை. நெஞ்சு நோவை அம்மா மறைத்தாவா, சொன்னாவா, அது மட்டும் தனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறான்.

அதை வாசித்துவிட்டு அவள் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாள். என்ன புத்தி சொல்வது? அறை இல்லை என்று ஒத்துக்கொண்டால் வேலை போகும். கனகலிங்கம் ஐயாவின் மருந்துக்கு எங்கே போவது? சும்மா இரடி என்று சொல்ல வாய் உன்னியது. அந்தக் கிழவியின் மகனை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

விசாரணை நாளில் றோய் தானாகவே கடைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றான். படிக்கட்டுக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும்தான். அவள் தொலைபேசியை மேசையில் வைத்தாள். மறுபக்கத்தில் ஓர் அதிகாரி, நிதானமான குரல்.

"நெஞ்சு வலியா என்று கேட்டபோது நோயாளி ஆங்கிலத்தில் இல்லை என்று பதில் சொன்னதாகத் தாதியின் குறிப்பு இருக்கிறது. நீங்களும் அதை ஏற்றுக்கொள்கிறீர்களா?"

ஓம் என்றால் முடிந்தது. அவர் அவளுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

"அந்த இடத்தை எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுங்கள்" என்றாள் அவள் ஆங்கிலத்தில்.

போட்டார்கள். ஒலிப்பதிவில் பாட்டு இல்லை, அவள் நிறுத்தியிருந்தாளே. கிழவியின் குரல் தெளிவாக வந்தது. "நோ பிள்ளை... சரியான நோ." மேலால் தாதியின் "நல்லது."

தக்சாயினி கண்ணை மூடியபடி இருந்தாள்.

"அது தமிழ்" என்றாள். "வலி என்று அர்த்தம். கடுமையான வலி என்று சொல்கிறார்."

"அப்போது நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?"

"நான் அறையில் இருக்கவில்லை. ஒரு கபேயில் இருந்தேன். பக்கத்தில் பிறந்தநாள் கொண்டாடினார்கள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. திருப்பிக் கேட்கப் பயந்தேன்."

கொஞ்ச நேரம் தட்டெழுதும் சத்தம் கேட்டது. இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார்.

அவள் ஆங்கிலத்தில் தொடங்கினாள், வரவில்லை. விக்கி விக்கித் தமிழிலேயே சொன்னாள். அந்த ஆளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது.

"மகனிட்டைச் சொல்லுங்கோ. அம்மா மறைக்கேல்லை. என்னட்டைச் சொன்னவ. நான்தான் கேக்கேல்லை."