பள்ளங்கிக்கு முதலில் சொன்னவர்

ஜெசிந்தா இறந்த செய்தி கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருந்த எனக்கு நேபாளத்திலிருந்து வந்தது. மதுரை மருத்துவமனையில் அவர் கண்மூடிய சற்று நேரத்திலேயே, எங்கள் ஆய்வில் கூட்டாக இருக்கும் காத்மாண்டு நண்பர் போனில் அழுதார். அதன் பிறகுதான் ஜெசிந்தாவின் தம்பி என்னை அழைத்தார். அத்தனை இடத்தில் ஆள் சேர்த்து வைத்திருந்தவருக்கு இப்படித்தான் நடக்கும்.

இதைப் படிக்கும் பலர் அவரோடு வேலை செய்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலைக் கிராமங்களின் ஊற்றுநீரை இங்கேயும் நேபாளத்திலும் கென்யாவிலும் ஒரே முறையில் ஆராயும் சிறிய நிறுவனம் எங்களுடையது. தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. நிதி தரும் அமைப்புகளைத் தேடிப்பிடித்துக் கூட்டாளிகளாக்குவது ஜெசிந்தாவின் வேலை. "காசு யாராச்சும் குடுத்துருவாங்க சார். கூட நிக்க ஆள் புடிக்கணும், அதான் சோலி" என்பார்.

வெளிநாட்டு நிதியாளர்கள் வந்தால் எல்லோரும் கொடைக்கானல் ஏரிக்குக் கூட்டிப்போவார்கள். இவர் நேராகப் பள்ளங்கி கிராமத்துக்கு ஜீப்பில் ஏற்றிவிடுவார். அங்கே கேள்வி கேட்பது ஊர்க்காரர்கள்; விருந்தினர் பதில் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு ஜெசிந்தா. ஒருமுறை பூண்டு விவசாயி பேச்சியம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், "இவுங்க மொகத்தப் பாத்தா ஒரு மழைக்கே ஓடிருவாங்க போல" என்று முணுமுணுத்தார். ஜெசிந்தா அதையும் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார். வந்தவர் கொஞ்சம் யோசித்து, "இரண்டு மழைக்காலம் தாங்குவேன்" என்றார். தாங்கவும் செய்தார்.

அந்த நிதியாளர் போன பிறகு ஒரு பெரிய அறக்கட்டளை எங்களை ஏற்க முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அவர்களுடைய அறிக்கை வெளிநாட்டில் வெளியாகும்வரை ஆய்வு முடிவுகளை யாருக்கும் சொல்லக் கூடாது. அந்த நேரத்தில்தான் பள்ளங்கி ஊற்றில், மேல்தோட்டங்களில் அடித்த பூச்சிமருந்து கலந்திருப்பது என் சோதனையில் தெரிந்திருந்தது. நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி ஜெசிந்தா பலமுறை பேசிப் பார்த்தார். அவர்கள் மசியவில்லை. ஜெசிந்தா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

நான் சண்டை போட்டேன். ஊருக்கு நாம் காதோடு காதாகச் சொல்லிவிடலாமே, நிதியை ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். "திருட்டுத்தனமா சொல்ல ஊர்க்காரங்க என்ன தப்பு செஞ்சாங்க? குடிக்கிற தண்ணி சார் அது" என்றார். மறுநாள் வெள்ளனே கிளம்பிப் போய் ஊரைக் கூட்டிச் சொல்லியும் விட்டார். அறக்கட்டளை விலகியது. களப்பணியாளர் இருவர் வேலையிழந்தார்கள்; ஒருவர் இன்றும் கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறார். எனக்குச் சம்பளமில்லாத மாதங்கள் அவை. அந்தக் கோபம் எனக்கு முழுதாகத் தீர்ந்தது என்று சொன்னால் ஜெசிந்தாவே நம்பமாட்டார்.

பிறகு அவர் சின்னச் சின்ன அமைப்புகளாகத் தேடினார். ஒரு திருச்சபை, ஒரு கென்யப் பல்கலைக்கழகம், ஊர்பேர் தெரியாத இரண்டு அறக்கட்டளைகள். முடிவுகளை முதலில் ஊருக்குச் சொல்வோம் என்பதற்கு எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். ஆய்வு இன்றுவரை அவர்கள் தயவில்தான் நடக்கிறது. பள்ளங்கிக்காரர்களும் வேறு ஊற்றிலிருந்து குழாய் போட்டுக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்த வாரம் புதிய நிதியாளர் ஒருவர் வந்தார். ஏரிக்குப் போகலாமா என்று கேட்டார். பள்ளங்கிக்குக் கூட்டிப்போனேன். மொழிபெயர்க்க நான்தான். பேச்சியம்மாள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார்: "ஜெசி மேடம் போயிட்டாங்க. நீங்க இருப்பீங்களா, இல்ல நீங்களும் பாதியில போயிருவீங்களா?"

வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கேள்வியை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஜெசிந்தாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பழக்கம்தான். பிறகு பேச்சியம்மாளிடம், "இருப்பேம்மா" என்றேன். அதையும் மொழிபெயர்த்தேன்.