புகைக்கூண்டு ஒழுகிய வருஷம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். உலையில் அரிசி போட்டுவிட்டு அது வேகும்வரை அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. தண்ணீர் ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில், சொட்டுச் சொட்டாக விழும் சத்தத்தைக் கேட்டால் பல் கூசும். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொடுத்தது ஓடு ஒழுகும் வீட்டில்.

எங்கள் பக்கம் அப்போது திருவிதாங்கூர் கொச்சியோடு இருந்தது. வடசேரியில் பஸ் ஏறி, இறங்கி, வயல் வரப்பில் கால் மணி நேரம் நடந்தால் வீடு. வீட்டில் மூன்றே பேர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த அவர், அவருடைய அம்மாவான என் அத்தை, நான். படுக்கும் அறைக்கு மேலே மரத்தட்டு போட்ட மச்சு. வருஷத்து நெல் முழுக்க அதில்தான். பின்னால் அடுக்களை. அடுப்புக்கு நேர் மேலே, கூரையைத் துளைத்துக்கொண்டு, செங்கல்லால் கட்டிய புகைக்கூண்டு. அடுக்களைக்கு வெளியே ஒரு சாய்ப்பு உண்டு. மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்கள் தள்ளி உட்காருவது அங்கேதான்.

கல்யாணமாகி வந்த முதல் இடவப்பாதி மழையிலேயே அந்த வீட்டுக் கூரையின் குணம் தெரிந்துவிட்டது. முகட்டில் வரிசையாகக் கவிழ்த்து வைத்த ஓடுகள் தேய்ந்து, அவற்றைப் பிடித்திருந்த சுண்ணாம்பு உதிர்ந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்றுக்குக் கடகடவென்று ஆடின. மழை நெல்லை நனைத்து, மச்சுத் தட்டைத் தாண்டி எங்கள் பாயிலும் விழுந்தது. பானை, உருளி, செம்பு, கடைசியில் சாமி விளக்குத் தட்டு வரை ஏந்தி வைத்தோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அவரோ, கணக்கு வாத்தியார், எந்தப் பாத்திரம் முதலில் நிறையும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மேடத்தில், சித்திரை வெயில் இருக்கும்போதே, ஓடு மாற்றியே தீருவது என்று நான் அவரை அரித்தெடுத்தேன். அவரும் குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனாரைப் பேசி வைத்தார். கொத்தனார் வரும் நாள் நெருங்கியபோது எனக்கு இரண்டு மாதம் தள்ளிப் போயிருந்தது.

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் கூரையில் கை வைக்க மாட்டார்கள். ஓடு பிரிக்கக் கூடாது, சுவரில் ஆணி அறையக் கூடாது, அடுப்பை இடித்துக் கட்டக் கூடாது; புருஷன் முடி வெட்டக் கூடாது, தாடி எடுக்கக் கூடாது. வயிறு என்று வாய் திறந்து சொன்னேனோ, கொத்தனார் வந்த வழியே திரும்பிப் போவார். இன்னொரு மழைக்காலம் முழுக்க நான் பானைச் சத்தத்துக்கு நடுவில் கிடக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனவள். ஓட்டுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அத்தையோ நெல் காயப்போடும் அமளியில் இருந்தாள். அவள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

கொத்தனார் முகட்டைப் பிரித்தார். வீட்டு நடுவில் வெயில் வந்து விழுந்தது. பழைய ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, புது ஓடுகளைக் கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் பதித்தார். மச்சுக்கு மேலே முகடு முடிந்தது. அடுக்களைப் பக்கமும் புகைக்கூண்டும் மிச்சம் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட பிறகு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. என் பாய் நனையவில்லை. அந்த மழையில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆடி பிறந்த வாரத்தில் பிள்ளை கலைந்தது.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இஷ்டமில்லை. அத்தை எனக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். யார் வந்து கேட்டாலும், அறியாமல் செய்தது, யாரைக் குற்றம் சொல்ல என்று மட்டும் சொன்னாள். அவர் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு சாயங்காலம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, “கொத்தனைக் கூட்டிட்டு வந்தது நாந்தானே” என்றார். என் பக்கம் திரும்பவில்லை. அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். அறியாமல் செய்தது நீங்கள்தான், நான் அறிந்தே செய்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பேசாமல் இருந்தேன். ஓட்டுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவள், அன்றிலிருந்து அதை நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் தவித்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி வயிறு வந்தது. இந்தத் தடவை மறைக்கவில்லை. பத்து நாள் தள்ளியவுடனேயே சொல்லிவிட்டேன். அத்தை அன்றே வீட்டிலிருந்த சுத்தியலையும் கடப்பாரையையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாள். காலண்டர் மாட்டிய ஆணி விழுந்தபோது அதைத் திரும்ப அறைய விடவில்லை. ஐப்பசி வரைக்கும் காலண்டர் தரையில் சாய்ந்து நின்றது. அவர் தாடி வளர்த்தார். தமிழ்நாட்டோடு சேருவோமா மாட்டோமா என்று ஆசிரியர்கள் அறையில் வாக்குவாதம் நடக்கும்போதெல்லாம், சாமியாரிடம் குறி கேட்கலாமே என்று இவரைக் கேலி செய்வார்களாம். சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

புகைக்கூண்டு அப்போதுதான் தன் வேலையைக் காட்டியது. கூண்டின் செங்கல்லும் கூரை ஓடும் சேரும் இடத்தில் சுண்ணாம்பு வெடித்து ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. மழை அதன் வழியாக இறங்கி, வருஷக்கணக்கான கரியைக் கரைத்துக்கொண்டு நேரே அடுப்பில் சொட்டியது. வெள்ளைக் கஞ்சியில் கரிய சொட்டு. விறகு நனைந்து புகைந்தது. அத்தை ஒரு கமுகம்பாளையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரை ஒரு மூலைக்குத் திருப்பிவிட்டாள். பாளையில் விழும் சொட்டு பானையில் விழுவதைவிடப் பலமாகக் கேட்டது. மழை விட்டாலும் தூவானம் விடவில்லை என்பது எனக்கு ரொம்பப் பொருந்திப் போனது. அடுக்களையிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து அடுக்களைக்கும் நடந்தேன். ஒரு நிமிஷம் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தொலையுங்கள் என்று கத்தத் தோன்றும். அடுத்த நிமிஷம் கை தானாக வயிற்றில் போய் நிற்கும். கால் வீங்கியும் நடந்தேன். ஏட்டி, ஒரு இடத்துல இருக்கியா என்று அத்தை கேட்டுக்கொண்டே இருப்பாள்.

புரட்டாசியில் ஒரு நாள் காற்று அடித்த அடியில், கூண்டை ஒட்டியிருந்த இரண்டு முகட்டோடுகள் சரிந்து முற்றத்தில் விழுந்து உடைந்தன. அன்றைய மழை அடுக்களைக்கு அடுத்த சின்ன அறையின் சுவர் வழியே வழிந்து இறங்கியது. எனக்கு அம்மா இல்லை. பேறு இந்த வீட்டில்தான், அந்தச் சின்ன அறையில்தான் என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது. நான் நனைந்த சுவரைப் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள். துலாம் மழை, ஐப்பசியின் அடைமழை, இனிமேல்தான் வரவேண்டும்.

நாலாம் நாள் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டுக்கும் அடுத்த கரைக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. தண்ணீரைத் தாண்டிவிட்டால் நான் இந்த வீட்டில் இல்லை என்று கணக்கு. விளக்கு வைப்பதற்குள் கொத்தனார் வேலையை முடித்து இறங்கிவிட வேண்டும். அதன் பிறகு நான் திரும்பி வரலாம். இது முன்னோர் சொன்னதா, அவளே கட்டினதா என்று நான் கேட்கவில்லை. அக்கரையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா ஒருத்தி இருந்தாள். அவளிடம் அத்தையே போய்ப் பேசிவிட்டு வந்தாள். கொத்தனாரைக் கூப்பிட மட்டும் அவரைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை காலையில் தென்னந்தடிப் பாலத்தை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். வாத்தியாரம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள், ஜன்னலோரம் நாற்காலி போட்டாள். அந்த ஜன்னலிலிருந்து எங்கள் வீட்டுக் கூரை முழுக்கத் தெரிந்தது. அவள் நல்லதென்று நினைத்துத்தான் அங்கே போட்டாள்.

கொத்தனார் ஏறினார். முகட்டிலிருந்து முதல் ஓட்டை எடுத்தார். அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. அதுவரைக்கும் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை, எனக்குத் தெரிந்து, அந்த ஓட்டோடு நின்றது. நான் இடது பக்கம் சாய்ந்து பார்த்தேன், வலது பக்கம் சாய்ந்து பார்த்தேன். தண்ணீர் குடித்தேன். எழுந்து நடந்தேன். வயிற்றுப் பிள்ளையும் தூங்கும் அம்மா, அதற்கும் அலுப்பு இருக்காதா என்றாள் வாத்தியாரம்மா. கூரையில் கொத்தனார் புகைக்கூண்டைச் சுற்றிப் பழைய சுண்ணாம்பை உளியால் கொத்தினார். கொத்தும் சத்தம் கால்வாயைத் தாண்டிக் கேட்டது. ஒவ்வொரு கொத்துக்கும் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. உச்சி திரும்பியும் வயிற்றில் அசைவில்லை. சோறு பரிமாற வாத்தியாரம்மா உள்ளே போன நேரம் பார்த்து நான் வெளியே இறங்கிவிட்டேன்.

தடிப்பாலத்தை யார் கையையும் பிடிக்காமல் தாண்டினேன். எங்கள் படலைத் திறக்கும்போது அத்தை கண்டுவிட்டாள். ஓடி வந்து, இரண்டு கையையும் விரித்து வழியை மறித்து நின்றாள். அவளை அப்படி ஓடி நான் பார்த்ததேயில்லை.

“அங்கயே நில்லு. உள்ள காலு வைக்கப்பிடாது.”

பிள்ளை அசையவில்லை என்று சொல்லத்தான் வந்தேன். வாயில் வந்தது வேறு.

“அத்தே, போன மட்டம் ஓடு பிரிச்சப்போ எனக்குத் தெரியும். ரெண்டு மாசம் ஆயிருந்து. தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் கையைக் கீழே போட்டாள். கூரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கொத்தனார் கூண்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

“எனக்கும் தெரியும் மக்களே. ரெண்டு மாசமா நீ சாய்ப்புக்குப் போகல்ல. ஒரு வீட்டுல ரெண்டே பொம்பளை. இது தெரியாமலா போகும்?”

பின் எதற்காகத் தடுக்கவில்லை என்று கேட்டேனா, பார்த்தேனா, நினைவில்லை.

“மச்சுல அம்புட்டு நெல்லு கெடந்து. இடவப்பாதி வந்துகிட்டு இருந்து. நீ வாயத் தொறந்து சொன்னா நிறுத்திரலாம்னு இருந்தேன். நீயும் சொல்லல்ல.”

அவள் படலுக்கு வெளியே வந்தாள். என்னைக் கால்வாய்ப் படியில் கொண்டுபோய் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சுத்தியல், கடப்பாரை, தரையில் நிற்கும் காலண்டர் எல்லாம் எனக்கு அப்போது விளங்கியது. என்னைப் போலவே அவளும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு இடத்தில் இருக்க முடியாமல்தான் இருந்திருக்கிறாள். அவள் நடக்கவில்லை, அவ்வளவுதான். நான் அழுதேன். அவள் அழவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

அவர் புறக்கடையில் கொத்தனாருக்குச் சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், என் அழுகை கேட்டோ என்னவோ வந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு. தாடியிலும் அப்பியிருந்தது, முப்பது வயதுக்காரர் கிழவராகத் தெரிந்தார். படலுக்கு உள்ளேயே நின்றுகொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னம்மா? என்ன ஆச்சு?”

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல மக்கா. அவளுக்கு பயம்” என்றாள் அத்தை.

“இந்த மட்டமும் நானே போய்க் கூட்டிட்டு வந்துட்டேனே” என்றார் அவர். உடனே திரும்பிப் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் வயிற்றில் ஒரு உதை விழுந்தது, நல்ல பலமான உதை. அத்தையின் கையை எடுத்து அங்கே வைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

கொத்தனார் கூண்டைச் சுற்றித் தகரம் மடித்துச் செருகி, அதன் மேல் சுண்ணாம்பு பூசி, கடைசி முகட்டோட்டைப் பதித்து இறங்கியபோது வெயில் இருந்தது. ஐப்பசியில் அடைமழை நடுவே மகள் பிறந்தாள். சுவரில் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் அவர் தாடியை எடுத்துவிட்டு வந்து நின்றார். முகம் சின்னதாகிவிட்டிருந்தது.

பிற்பாடு எத்தனையோ தடவை அந்தக் கூரையைப் பழுது பார்த்தோம். ஒரு தடவைகூட அவர் கொத்தனாரைக் கூப்பிடப் போகவில்லை. வேறு யாரையாவது அனுப்புவார். ஓடு இறக்கும் நாளில் குடையை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவார். பழுது முடிந்ததா என்று தெரு முனையில் நின்று விசாரித்துவிட்டுத்தான் வருவார். மகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அப்படித்தான். அப்பாவுக்குத் தூசி ஆகாது என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தே நடந்தது என்பதை அவரிடம் அத்தை சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவள் இருந்திருப்பாள். அவள் போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் படுக்கையில் விழுந்தார். கடைசி நாட்களில் ஒரு மத்தியானம், வெளியே மழை, அவர் கண்ணைத் திறந்து, வீடு ஒழுகுதா என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. வாயைத் திறந்தேன். திறந்துவிட்டு, பழைய பழக்கம், அத்தை நிற்கிறாளா என்று வாசலைப் பார்த்தேன்.